சென்சரை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

இடைக்கிடை வந்து போகும் எஞ்சின் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை



ஒரு காலத்தில் தோட்டத்தில் வாகனம் என்றால் கொழுந்து லொறியும் தொரையின் ஜீப்பும்தான். இன்று லயத்துக்கு முன்னால் ஆட்டோ நிற்கிறது. லீசிங்கில் வான் எடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வெலிமடை மரக்கறியை ஏற்றிக்கொண்டு கல்முனைக்கு இறங்கி, திரும்பும்போது கருவாடு ஏற்றி வருகிற தம்பிமாரும் இருக்கிறார்கள். ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. வண்டி நின்றால் வருமானம் நிற்கும். லீசிங் தவணை மட்டும் நிற்காது.

அடியோடு நின்றுபோன வண்டியைத் திருத்துவது ஒரு வகையில் சுலபம். பழுது கண் முன்னால் இருக்கிறது. கஷ்டம் தருவது இடைக்கிடை வந்து போகும் பழுதுதான். "நேத்து மூணு தடவ நின்னுச்சு, இன்னைக்கு கராஜுக்குக் கொண்டு போனா நல்லா ஓடுது" என்று சொல்லாத சாரதி குறைவு. கராஜிலும் ஒன்றும் பிடிபடாது. "இந்த சென்சர மாத்திப் பாப்போம்" என்பார்கள். மாற்றிய பிறகும் வண்டி நிற்கும். பிறகு இன்னொரு சாமானை மாற்றுவார்கள். இப்படியே கடன் ஏறும்.

இந்த மாதிரிப் பழுதில் பல தடவை சென்சர் நன்றாகவே இருக்கிறது. கெட்டிருப்பது சென்சருக்குப் போகிற வயர், அல்லது வயர் வந்து சேரும் சொக்கட், அல்லது எர்த். இதை அளந்து கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

கல்முனையில் கேட்ட மூன்று கேள்விகள்

நமது டிவிசனில் ஒரு தம்பியின் பெற்றோல் வான். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை வழியாகக் கல்முனைக்கு ஓடுகிறது. மலையில் ஒரு குறையும் இல்லை. கீழே இறங்கி, பகல் வெயிலில், கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து போகும்போது பட்டென்று எஞ்சின் நின்றுவிடும். அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மேலே ஒரு கராஜில் கிரேங்க் சென்சரை மாற்றினார்கள். அடுத்த முறை பெற்றோல் பம்பை மாற்றினார்கள். அந்தச் செலவுக்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது. வண்டி மறுபடியும் கல்முனையில்தான் நின்றது.

அங்கே ஒரு சிறிய கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவர் எந்தச் சாமானையும் கழற்றவில்லை. முதலில் கேள்வி கேட்டார். "எப்ப நிக்கிது தம்பி? நிக்கக்குள்ள ஆர்பிஎம் முள்ளு என்ன செய்யிது? எவ்வளவு நேரத்தால திரும்ப ஸ்டார்ட் ஆகுது?"

தம்பி சொன்ன பதில்: சூட்டில்தான் நிற்கிறது. வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பூச்சியத்துக்கு விழுகிறது. டேஷ்போர்ட் லைட்டெல்லாம் எரிகிறது. ஆறினால் சரியாகிறது.

இந்தப் பதிலில் பாதி வேலை முடிந்தது. டேஷ்போர்ட் லைட் எரிவதால் பற்றரி முழுவதாகத் துண்டுபடவில்லை. பெற்றோல் குறைந்து எஞ்சின் நின்றால் வண்டி கியரில் உருளும் வரை முள் மெதுவாகத்தான் இறங்கும். பட்டென்று விழுவது கிரேங்க் சென்சரின் செய்தியோ இக்னிஷன் கரண்டோ அறுகிறது என்பதற்கு அடையாளம். சென்சரோ புதிது. அப்படியென்றால் மிச்சம் வயர்.

நானா எஞ்சினைச் சூடேற விட்டு, வயர் கட்டைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டு போனார். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கிளிப் இருந்த இடத்தில் அசைத்ததும் எஞ்சின் நின்றது. அந்த இடத்தில் வயரின் மேலுறை சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். அவர் மாற்றியது ஒரு சாண் வயரும் ஒரு சொக்கட்டும் மட்டும்.

சென்சர் என்ன வேலை செய்கிறது?

இன்றைய எஞ்சினை நடத்துவது ஒரு கம்பியூட்டர் பெட்டி. கராஜில் ஈசியு என்பார்கள். அதற்குக் கண்ணும் காதும் சென்சர்கள்தான்.

கிரேங்க் சென்சர், எஞ்சின் தண்டு எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்லும். இந்தச் செய்தி நின்றால் பல வண்டிகளில் நெருப்புப் பொறியும் இல்லை, எரிபொருளும் இல்லை. சாவியை அணைத்தது போல எஞ்சின் நிற்கும்.

தண்ணீர் சூட்டு சென்சர், எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா என்று சொல்லும். இதன் வயர் அறுந்தால், வெளியே கடும் பனி என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். பெற்றோலை அதிகம் ஊற்றும். கறுப்புப் புகை வரும், சூட்டில் ஸ்டார்ட் ஆகாது, எண்ணெய்ச் செலவு கூடும்.

இவை தவிர காற்றை அளப்பது, அக்சலேட்டர் திறப்பை அளப்பது, புகையில் ஒட்சிசனை அளப்பது என்று இன்னும் பல உண்டு.

இவற்றில் பலவற்றுக்குப் பெட்டி கொடுப்பது 5 வோல்ட் மட்டும்தான். ஓடுவது மிகச் சிறிய கரண்ட். ஹெட்லைட் வயரில் கொஞ்சம் களிம்பு பிடித்தால் லைட் சற்று மங்கும், அவ்வளவுதான். சென்சர் வயரில் அதே களிம்பு பிடித்தால் பெட்டிக்குப் போகும் செய்தியே பொய்யாகிவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத சின்னக் குறையும் இங்கே பெரிய பழுதாகிறது.

பழைய கார்புரேட்டர் ஆட்டோவில் இந்த சென்சர்கள் இல்லை. ஆனாலும் இக்னிஷன் வயர், எர்த் ஆகியவற்றில் இடைக்கிடை வரும் பழுதுக்கும் கீழே சொல்லும் முறைதான்.

கடற்கரையும் மலையும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஊர்களில் பிரதான வீதியிலிருந்து கடல் கூப்பிடு தூரம். காற்றிலேயே உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஈரத்தில் கரண்ட் கசியும். கசியும் இடத்தில் செம்பு அரிக்கப்பட்டுப் பச்சைத் தூளாகும். மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து வழியும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அந்தப் பக்கம் வாடைமழை. வருட நடுவில் கச்சான் காற்று வீசும்போது வெக்கையும் மண் தூசியும். இரண்டும் வயருக்கு எதிரிதான்.

2004 டிசம்பர் 26 கடல்கோளில் இலங்கையிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அந்த இழப்புக்கு முன்னால் வாகனம் ஒரு பொருட்டல்ல. ஆனால் உப்புத் தண்ணீரில் மூழ்கிய வண்டியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கழுவிக் காயவைத்தால் அது ஸ்டார்ட் ஆகலாம். ஆனால் வயரின் மேலுறைக்குள் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறியிருக்கும். பழுது பல மாதம் கழித்துத்தான், ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா சூறாவளியில் மலையகத்திலும் வெள்ளமும் மண்சரிவும் வந்தது நமக்குத் தெரியும். வெள்ளத்தில் கிடந்த வண்டி கழுவிப் பூசி விற்பனைக்கு வரலாம். பழைய வண்டி வாங்கும்போது சீட்டுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கிச் சேறு இருக்கிறதா பாருங்கள். ஒரு சொக்கட்டைக் கழற்றிப் பச்சை இருக்கிறதா பாருங்கள்.

மலையில் உப்பு இல்லை. ஆனால் மூடுபனி, மழை, வளைவு, குழி, குலுக்கம் இருக்கிறது. எலியும் இருக்கிறது. இரவில் எஞ்சின் சூட்டுக்கு வந்து ஒதுங்கும் எலி வயரைக் கடித்துவிட்டுப் போகும்.

மலைக்கும் கடற்கரைக்கும் போய்வரும் வண்டி இரண்டு வகைப் பழுதையும் சுமக்கிறது. சூட்டில் வரும் பழுதைக் குளிரில் தேடினால் கிடைக்காது. நமது தம்பியின் வான் மேலே இருந்த கராஜில் ஒரு தடவையும் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்த அனுபவம் உண்டு

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனியின் சில சிறிய கார்களில் இக்னிஷன் சுவிட்ச் பலவீனமாக இருந்தது. சாவிக் கொத்தின் கனத்தாலோ குலுக்கத்தாலோ சாவி தானாகத் திரும்பி ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்தது. விபத்தில் காற்றுப் பையும் விரியாமல் போனது. 2005ஆம் ஆண்டளவிலேயே முறைப்பாடுகள் வந்தும் அதைப் பெரிய ஆபத்தாக எடுக்கவில்லை. 2014இல்தான் சுமார் 26 இலட்சம் கார்களைத் திருத்துவதற்குத் திருப்பி அழைத்தார்கள். 124 பேரின் மரணத்துக்கு நட்டஈடு கொடுக்க நேர்ந்தது.

2010 ஓகஸ்டில் டொயோட்டா கம்பெனி அமெரிக்காவில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொரோலா, மெட்ரிக்ஸ் கார்களைத் திருப்பி அழைத்தது. 2005 முதல் 2008 வரையான மொடல்கள். கம்பியூட்டர் பெட்டிக்குள் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில் நுண்ணிய வெடிப்பு விழுந்து, ஓடும்போதே எஞ்சின் நிற்கக்கூடும் என்பது காரணம்.

ஆகவே, "எப்பவாவது ஒரு தடவதானே நிக்குது" என்று விட்டுவிடக்கூடாது. கொண்டை ஊசி வளைவில் அந்த ஒரு தடவை வந்தால் போதும். வண்டிக்குள் இருப்பது நம்ம பிள்ளைகள்.

கண்டுபிடிக்கும் முறை

1. கொப்பியில் எழுதுங்கள். இதைச் சாரதிதான் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் திகதி, இடம், எஞ்சின் சூடா குளிரா, மழையா வெயிலா, குழியில் விழுந்ததா, ஆர்பிஎம் முள் என்ன செய்தது, செக் எஞ்சின் லைட் எரிந்ததா, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது என்று குறியுங்கள். நாலைந்து தடவை எழுதினால் பழுது எதனோடு சேர்ந்து வருகிறது என்று தானாகத் தெரியும். லைட்டெல்லாம் சேர்ந்து அணைந்தால் முதலில் பற்றரி முனையையும் பெரிய எர்த் வயரையும் பார்க்க வேண்டும்.

2. பற்றரியைக் கழற்றாதீர்கள். பற்றரியைக் கழற்றினால் பெட்டியில் பதிந்திருக்கும் பழுது எண் பல வண்டிகளில் அழிந்துவிடும். முதலில் ஸ்கேனரால் அதை வாசித்து எழுதிக்கொள்ள வேண்டும். போனோடு சேரும் சிறிய வகை ஸ்கேனரும் இப்போது கிடைக்கிறது.

3. எண் சொல்வது சாமானை அல்ல. உதாரணமாக, பி 0335 என்றால் கிரேங்க் சென்சர் சுற்றில் கோளாறு என்று அர்த்தம். சுற்று என்றால் சென்சர், சொக்கட், வயர், எர்த், பெட்டி எல்லாம் சேர்ந்தது. "சென்சரை மாற்று" என்று அந்த எண் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சருக்கு எண் வந்தால் எல்லாமே கெட்டுவிட்டன என்று பயப்பட வேண்டாம். அவை பொதுவாகப் பயன்படுத்தும் 5 வோல்ட் வயரையோ எர்த்தையோ பாருங்கள். ஒரு சென்சர் உள்ளுக்குள் ஷோர்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் முழுக்க விழுந்துவிடும்.

4. கண்ணால் பாருங்கள். பற்றரி முனை, எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் எர்த், சைலன்சர் பக்கம் போகும் வயர், தகட்டு விளிம்பில் உரசும் வயர், எலி கடித்த இடம். அலாரம், செட், ஹோர்ன் பூட்டும்போது வெட்டி ஒட்டிய இடங்களை முதலில் பாருங்கள். சொக்கட்டைக் கழற்றிப் பச்சை, துரு, பின்னால் தள்ளுப்பட்ட பின், இறுக்கம் விட்ட பின் இருக்கிறதா கவனியுங்கள்.

5. பழுதை வரவழையுங்கள். கொப்பியில் "சூட்டில்" என்று இருந்தால் சூடேற்றி, "மழையில்" என்று இருந்தால் போத்தலால் வெறும் தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். கம்பியூட்டர் பெட்டியிலும் ஓல்டனேட்டரிலும் தண்ணீர் படக்கூடாது. சென்சரை மட்டும் சூடாக்க, தலைமுடி உலர்த்தும் மெஷின் போதும். எஞ்சின் ஓடும்போது வயர் கட்டைச் சிறிது சிறிதாக அசைத்து, ஸ்கேனரில் அளவு குதிக்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். குதிக்கும் இடத்தில்தான் பழுது.

6. அளந்து பாருங்கள். மல்டிமீற்றரை வோல்ட்டில் வைத்து, சென்சரின் எர்த் வயருக்கும் பற்றரி நெகட்டிவ் முனைக்கும் நடுவில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிளொக்குக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் பெரிய எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். வண்டியை அணைத்துவிட்டு ஓமில் மட்டும் அளந்து "வயர் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டக்கூடாது. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் ஓம் மீற்றர் நல்லது என்றுதான் காட்டும்.

7. இரண்டு வயர் உள்ள தண்ணீர் சூட்டு சென்சருக்கு ஒரு சுலபமான சோதனை. சொக்கட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் ஸ்கேனர் மைனஸ் 40 பாகை காட்டும். சொக்கட்டின் இரண்டு முனைகளையும் மெல்லிய வயரால் சேர்த்தால் 120 பாகைக்கு மேல் போகும். இரண்டும் சரியாக வந்தால் அந்த நேரத்தில் வயரும் பெட்டியும் நல்லது, சென்சரைச் சந்தேகிக்கலாம். வராவிட்டால் புது சென்சர் வாங்கிப் பலனில்லை. மூன்று வயர் உள்ள சென்சரில் இப்படிச் சேர்க்கவே கூடாது.

செய்யக்கூடாதவை

டெஸ்ட் பல்பைக் கம்பியூட்டர் பெட்டிக்குப் போகும் வயரில் வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட் பெட்டியையே எரித்துவிடலாம்.

ஊசியால் வயரைக் குத்திப் பார்க்காதீர்கள். அந்த ஓட்டை வழியாக ஈரமும் உப்பும் உள்ளே போகும்.

சொக்கட்டின் துவாரத்தில் தடித்த மீற்றர் முனையைத் திணிக்காதீர்கள். துவாரம் அகன்று புதுப் பழுது பிறக்கும்.

ஹைபிரிட் வண்டியில் செம்மஞ்சள் நிறத் தடித்த வயரைத் தொடாதீர்கள். அதில் உயிரைக் குடிக்கும் கரண்ட் இருக்கிறது. அதைப் பழகியவர்தான் தொட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது வேலை செய்தால் ஹேண்ட் பிறேக் போட்டு, கியரை விடுவித்து, டயருக்குக் கல் வையுங்கள். ஓட்டோ கியர் என்றால் பார்க்கில் வையுங்கள். சால்வை, தளர்ந்த சட்டைக் கை, தலைமுடி பெல்ட்டில் சிக்கக்கூடாது. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

திருத்தும் விதம்

பச்சை பூத்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் அது சில மாதத்துக்குத்தான். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, அதே தடிப்புள்ள புது வயரை ஒழுங்காக இணைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயால் மூட வேண்டும். கட்டும்போது எஞ்சின் அசைவுக்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். சூட்டுக் குழாயிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். சொக்கட்டுக்குள் அதற்கென்று விற்கும் சிலிக்கன் கிரீஸ் பூசுவது கடற்கரை ஓட்டத்துக்கு நல்லது. கடற்கரையிலிருந்து வந்தால் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எஞ்சின் மேல் அழுத்தமான பைப் தண்ணீர் அடிக்க வேண்டாம்.

திருத்திய பிறகு வண்டியைப் பழுது வந்த அதே நிலைமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சூட்டில் நின்ற வண்டியைக் காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை.

வயர், எர்த், சென்சர் எல்லாம் அளந்து சரி என்றான பிறகுதான் கம்பியூட்டர் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். அது கடைசிப் படி. விலையும் அதிகம்.

கராஜில் கேட்க வேண்டியது

பாஸிடம் மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள். என்ன எண் வந்தது? எதை அளந்தீர்கள், எவ்வளவு வந்தது? மாற்றிய பழைய சாமானைத் தருவீர்களா? கேட்பது நமது உரிமை. அதேபோல, வயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு நேரம் எடுக்கும். அரை நாள் தேடி ஒரு சாண் வயரை மாற்றினால் அந்த அரை நாளுக்குக் கூலி கொடுப்பதுதான் நியாயம். "சாமான் ஒண்ணும் மாத்தலியே, எதுக்குக் காசு" என்று கேட்டால், அடுத்த தடவை அவரும் தேடாமல் சாமானைத்தான் மாற்றுவார்.

ரோட்டில் நின்றுவிட்டால்

எஞ்சின் நின்றதும் ஸ்டீயரிங் கனக்கும். பிறேக்கில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பலம் மிச்சம் இருக்கும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக மிதித்துப் பிடியுங்கள். சாவியை லொக் வரை திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிவிடும். ஹசார்ட் லைட்டைப் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட் பிறேக் போட்டு, டயருக்குக் கல் வைத்த பிறகு பிள்ளைகளை மலைப் பக்கமாக இறக்குங்கள். சாவிக் கொத்தில் கனமான சாமான்களைத் தொங்கவிட வேண்டாம். இடைக்கிடை நிற்கும் வண்டியில், பழுது தெரியும் வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

தொழில் பழகும் பிள்ளைகளுக்கு

சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளே, ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை நல்ல தொழில். பலம் அவ்வளவாகத் தேவையில்லை. பொறுமையும் கணக்கும் வேண்டும். கல்முனைப் பக்கக் கராஜ்களில் தமிழிலேயே வேலை பழகலாம். தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்களில் மோட்டார் வாகனப் பயிற்சிகள் நடக்கின்றன. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் நாட்டுக்குள்ளும் வெளிநாட்டு வேலைக்கும் உதவும். ஏற்கெனவே கராஜில் வேலை செய்து அனுபவம் மட்டும் உள்ளவர்கள், அந்த அனுபவத்தைப் பரீட்சித்துச் சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. விபரம் தெரியாவிட்டால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

வண்டி வைத்திருக்கிறவர்கள் இந்த மாதமே ஒரு சின்னக் கொப்பி வாங்கி வண்டிக்குள் வையுங்கள். அடுத்த தடவை எஞ்சின் நின்றால் முதலில் அதில் எழுதுங்கள். பிறகு கராஜுக்குப் போங்கள்.